எண்பத்திரண்டு சதவீதம்

அத்தியாயம் 17

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் நான்கு வருடம் பேசாமல் இருந்தது எதனால் என்று சென்ற வாரங்களில் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இதைச் சொன்னால் போதும்: இளையவள் முதன்முதலாகப் பழச்சாற்றைப் பாட்டிலில் அடைத்து உறவுக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுத்த நாளில், மூத்தவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது புளிச்சுப் போச்சு, யாரும் குடிக்காதீங்க" என்று கூடமே கேட்கச் சொன்னாள். சொன்னது உண்மை. அதனால்தான் மன்னிப்பே கிடைக்கவில்லை.

அடுத்த மாதமே மூத்தவளும் கணவனும் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துப் போனார்கள். மாமனார் இளையவளோடு தங்கிவிட்டார். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வாளராக இருக்கும் மூத்த மருமகளுக்கு அவர் வைத்த பெயர் 'சோதனை'. "பார்க்கிற வேலையும் அது, நமக்கு வந்து வாய்ச்சதும் அது" என்பார், அவள் காதில் விழும்படியாகவே.

மூன்று வாரத்துக்கு முன் இளையவள் ஒரு பாட்டிலோடு அவள் வாசலில் வந்து நின்றாள். "அக்கா" என்றாள். கொய்யா, அன்னாசி, எலுமிச்சை கலந்த சாறு. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள், சோதித்து எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

மூத்தவள் சோதித்தாள். மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக உடைக்கும் ஒரு நொதி உண்டு. அதன் வேலையில் எண்பத்திரண்டு சதவீதத்தை இந்தச் சாறு தடுக்கிறது என்று வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இன்று மாலை நான்கு மணிக்கு, பக்கத்துப் பெரிய மருத்துவமனையின் கேன்டீன் குத்தகைக்காரர் அந்த அறிக்கையை நம்பி ஒப்பந்தம் போட வருகிறார்.

இன்று காலை பத்தேகாலுக்கு, மூத்தவள் ஒரு வரிசை சோதனைக் குழாய்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

*

குழாய்களில் இருந்தது வேறு ஒரு நிறுவனத்தின் பானப் பொடி. தண்ணீரில் கலக்கினால் பழச்சாறு மாதிரி இருக்கும். பழம் மட்டும் இருக்காது. சர்க்கரை, சாயம், வாசனை, புளிப்புக்கு எலுமிச்சை உப்பு, அவ்வளவுதான். அதற்கும் ஏதாவது நல்ல பெயர் எழுத முடியுமா என்று அனுப்பியிருந்தார்கள்.

சோதனை எளிது. நொதி வேலை செய்தால் குழாயில் மஞ்சள் நிறம் வரும். ஏதாவது அதைத் தடுத்தால் மஞ்சள் வராது.

மஞ்சள் வரவில்லை. கருவி எழுபத்தொன்பது என்றது.

கொய்யாவைக் கடித்ததும் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே துவர்ப்பு, அதற்குக் காரணமான பீனாலிக் சேர்மங்கள்தான் இந்த நொதியைத் தடுக்கும் என்று அவள் படித்திருந்தாள். அதைத்தான் இளையவளின் அறிக்கையிலும் எழுதியிருந்தாள். பழமே இல்லாத பொடியில் எந்தத் துவர்ப்பு வந்து எதைத் தடுத்தது?

வெறும் தண்ணீரில் எலுமிச்சை உப்பை மட்டும் கரைத்து வைத்துப் பார்த்தாள். எண்பது.

அப்படியானால் தடுத்தது துவர்ப்பு இல்லை, வெறும் புளிப்பு.

குளிர் அலமாரியைத் திறந்தாள். சோதித்தது போக மீந்ததை ஒரு மாதம் பத்திரமாக வைத்திருப்பது கூடத்தின் வழக்கம். இளையவளின் பாட்டில் மூன்றாவது தட்டில் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுப் புளிப்பை முறித்தாள். மறுபடி நொதியைச் சேர்த்தாள்.

பத்து நிமிடத்தில் குழாய் மஞ்சளானது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத மஞ்சள்.

பதினொரு சதவீதம்.

மூன்று வாரத்துக்கு முந்தைய குறிப்பேட்டைப் புரட்டினாள். பன்னிரண்டு படிகள். பதினொரு படிகளுக்கு எதிரே அவள் போட்ட டிக். 'சாற்றின் புளிப்பை முறித்தல்' என்ற வரிக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

அன்று என்ன நடந்தது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "அக்கா" என்ற அந்தச் சொல் காதை விட்டுப் போகாமல் இருந்தது. குழாயை ஆட்டும்போதே, இது தோற்றுப் போனால் நன்றாக இருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைப் பார்த்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது. எண்பத்திரண்டு என்று வந்ததும், இரண்டாம் முறை செய்து பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் செய்யவில்லை. மறுபடி செய்தால் அது தோற்க வேண்டும் என்று செய்வதுபோல இருக்கும் என்று நினைத்தாள். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ளக் கையெழுத்துப் போட்டாள்.

பதினாறு வருட வேலையில் முதல் தவறு. அதையும் வீட்டுக்குள்ளேயே செய்து வைத்திருக்கிறாள்.

*

மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இந்த மாதிரி எத்தனை ரிப்போர்ட் வெளிய போயிருக்கு?"

"ஒண்ணுதான் சார்."

"யாருக்கு?"

"சின்ன இடம் சார். வீட்டுக் கொட்டகைல பண்றாங்க."

"யாருக்குன்னு கேட்டேன்."

"என் ஓரகத்திக்கு."

மேலாளர் மெதுவாக எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். இழுப்பறையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து மேஜை மேல் திருப்பி வைத்தார்.

"‘மாதிரியைக் கொடுத்தவர் உறவினரா?’ இங்க ‘இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க. இது உங்க எழுத்துதானே?"

"நாலு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல சார். சொந்தம்னே தோணல."

"இதை விசாரணையில சொல்லுங்க. நல்லா சிரிப்பாங்க."



அரை மணி நேரத்தில் அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதம் தயாரானது. மேலாளர் அதை அவள் கையில் தரவில்லை. மேஜை விளிம்பு வரை விரலால் தள்ளினார்.

"இன்னைக்கே நேர்ல குடுத்து, வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அது இல்லாம நாளைக்கு இந்தப் படி ஏற வேண்டாம்."

*

கொட்டகைக்குள் நுழையும்போது மணி இரண்டரை. உள்ளே கொய்யா வாசனையும் நீராவியும் ஒன்றாக முகத்தில் அடித்தன. இரண்டு வேலைக்காரப் பெண்கள் அன்னாசியின் கண்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இளையவள் நல்ல சேலை உடுத்தி, அதன் மேல் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பாட்டில்களுக்கு மூடி அழுத்திக்கொண்டிருந்தாள்.

மூலையில் மாமனார் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். 'சர்க்கரை ஏறாது! ஆய்வகச் சோதனையில் 82%' என்று பச்சையில் அச்சடித்த லேபிள். பரிசோதனைக் கூடத்தின் பெயரும் கீழே இருந்தது. ஒட்டியதெல்லாம் கோணல்.

"மாமா, பாட்டில் நேராத்தான் நிக்குது, லேபிள்தான் தள்ளாடுது" என்றாள் இளையவள்.

"அப்போ பாட்டிலைக் கொஞ்சம் சாய்ச்சு வை" என்றார் அவர். பிறகு வாசலில் நின்ற உருவத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரது? நம்ம சோதனையா? இந்த நேரத்துல வந்தா நல்லதுக்கு இருக்காதே."

"சும்மா இருங்க மாமா. வாங்க அக்கா!" இளையவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நாலு மணிக்குக் கேன்டீன்காரர் வர்றார். நீங்களே பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"ரிப்போர்ட் தப்பு."

"எழுத்துப் பிழையா?"

"எண்பத்திரண்டு இல்ல. பதினொண்ணு."

அன்னாசி தோண்டிய கத்திகள் நின்றன.

"சாறோட புளிப்பை முறிக்காமலே சோதனை பண்ணிட்டேன். அந்தப் புளிப்புலேயே நொதி செத்துப் போச்சு. உன் பழம் எதையும் பெருசா தடுக்கல. எலுமிச்சை உப்பு கரைச்ச வெறும் தண்ணியை வச்சாலும் அதே கணக்குதான் வருது. என் தப்பு."

இளையவள் யோசித்தாள். அவள் முட்டாள் இல்லை. "குடிச்சா வயித்துக்குள்ளேயும் புளிப்பாத்தானே போகும்? அங்கேயும் சாகட்டுமே."

"வயித்தைத் தாண்டிக் குடலுக்குப் போனதுமே உடம்பு அந்தப் புளிப்பை முறிச்சுடும். அதுக்கப்புறம் மிஞ்சுறது பழச் சர்க்கரைதான். பாட்டிலுக்கு எத்தனை கரண்டி இருக்குன்னு உனக்கே தெரியும்."

கடிதத்தை நீட்டினாள். இளையவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவள் முகத்திலிருந்த ‘அக்கா’ என்ற கனிவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவது தெரிந்தது.

"தப்பு பண்ணிட்டியா? நீயா?"

"ஆமா."

"கறிவேப்பிலையை எண்ணிப் போடுறவ நீ. உப்பைக் கரண்டியில வழிச்சு அளக்குறவ. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நீ தப்பு பண்ணின ஒரு நாளைச் சொல்லு பார்ப்போம். ஒரே ஒரு நாள்! சொல்ல முடியாது. அதனாலதானே உன்னை யாருக்கும் பிடிக்கல."

வேலைக்காரப் பெண்களில் ஒருத்தி குனிந்துகொண்டாள்.

"அப்படிப்பட்டவ, சரியா நாலு மணிக்கு ஆள் வர்ற அன்னைக்கு, ரெண்டரை மணிக்கு வந்து ‘தப்பு பண்ணிட்டேன்’கிறே. மூணு வாரமா என்ன பண்ணிட்டிருந்தே? லேபிள் அடிக்கட்டும்னு பார்த்துட்டிருந்தியா? அன்னைக்குக் கூடம் நிறைய ஆளை வச்சு என் மூக்கை உடைச்சது பத்தலையா?"

"அன்னைக்கு அது புளிச்சுத்தான் போயிருந்தது."

"தெரியும்!" என்று கத்தினாள் இளையவள். "புளிச்சுப் போனது எனக்கும் தெரியும். என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்ல உனக்கு வாய் வரல. இன்னைக்கும் பாரு, வேலைக்காரங்க முன்னாடி வச்சுத்தான் சொல்றே."

நான்கு வருடத்தில் இந்தக் கோணம் மூத்தவளுக்குத் தோன்றியதே இல்லை.

"கையெழுத்துப் போடு" என்றாள், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"மாட்டேன்."

மாமனார் இதற்கிடையில் ஒரு பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கடகடவென்று குடித்தார். அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

"காலைலேர்ந்து பத்தாவது தடவை" என்றாள் கத்தி வைத்திருந்தவர்களில் ஒருத்தி, பொதுவாக.

மூத்தவள் மேஜையைப் பார்த்தாள். கோணல் லேபிள்கள். சில தலைகீழாகவே இருந்தன. அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒரு பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மாமா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஏன், உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"நீங்க படிங்க."

அவர் பாட்டிலைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டு வந்தார். "பச்சையா என்னமோ இருக்கு."

"மாத்திரை போட்டீங்களா?"

"மாத்திரை எதுக்கு? எண்பத்திரண்டு சதவீதம்!" என்றார் வெற்றியோடு. "ஒன்பது நாள் ஆச்சு அதைத் தொட்டு. வேளைக்கு ஒரு கிளாஸ் இதுதான். உடம்பு லேசா இருக்கு."

இளையவளின் கையிலிருந்த மூடி தரையில் விழுந்து உருண்டது.

"மாமா... நான் நிறுத்தச் சொன்னேனா? சத்தியமா நான் சொல்லல." அவள் பேசியது மாமனாரிடம் இல்லை, மூத்தவளிடம். "குடிக்கிறார்னு தெரியும். மாத்திரையையும் போடுறார்னுதான் நினைச்சேன்."

"மீட்டர் எங்கே?"

இளையவள் ஓடிப் போய் எடுத்து வந்தாள். மூத்தவள் அவர் விரலைக் குத்தினாள். ஐந்து நொடி. சின்னத் திரையில் எண் வந்தது.

நானூற்று முப்பத்தெட்டு.

இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த எண் யாருடைய தவறு என்று இருவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் வேறு வேறு பதில்.

"ஆட்டோ கூப்பிடு" என்றாள் மூத்தவள்.

ஆட்டோ வந்தது. இளையவள் குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டாள். ஏறவில்லை.

"நீ வரல?"

"நாலு மணிக்கு ஆள் வர்றார்."

"இவ்வளவு பார்த்த பிறகுமா?"

"இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? உனக்கு மாசாமாசம் சம்பளம் வரும். நீ போ." அவள் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "உன் கையெழுத்தால வந்தது. நீயே கூட்டிட்டுப் போ."

*

ஆட்டோவில் மாமனார் தூங்கி விழுந்தார். அவர் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு மூத்தவள் கணவனுக்குப் போன் செய்தாள். அவன் வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருந்தான். பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம்.

முழுவதையும் சொன்னாள். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எங்கப்பாவைக் கொன்னுடுவீங்களா?"

வைத்துவிட்டான்.

பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் சக்கர நாற்காலி, இரத்தம், ஊசி, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து. பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண், குரல் மட்டும் பெரியது. மூன்றாம் மாடியில் கட்டில் கொடுத்தார்கள். ஐந்தரை மணிக்கு எண் முந்நூற்றுக்குக் கீழே வந்தது. மாமனார் கண் திறந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா நினைவு தப்பிக் கொண்டு வந்திருப்பாங்க" என்றார் டாக்டர். "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் எதை நம்பி நிறுத்தினீங்க?"

மாமனார் சட்டைப் பையைத் தடவினார். நான்காக மடித்த ஒரு காகிதம். அறிக்கையின் நகல். மடிப்புகள் கிழியும் அளவுக்கு எடுத்தெடுத்துப் பார்த்திருந்தார்.

"இதை. இவ கையெழுத்து." மூத்தவள் பக்கம் கையைக் காட்டினார், முகத்தைத் திருப்பாமல். "இவளை எனக்குப் பிடிக்காது டாக்டர். ஒரு நாளும் பிடிச்சதில்ல. வீட்டுல அத்தனை பேரும் எனக்கு இனிக்க இனிக்கப் பேசுவாங்க, இவ ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரே சொல்லுவா. ஆனா பொய் எழுதமாட்டான்னு நினைச்சேன். டாக்டர் எழுதிக் குடுத்ததைக்கூட நான் நம்பல. இவ எழுதினதை நம்பினேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குறிப்புச் சீட்டில் என்னவோ எழுதினார்.

"பொய் இல்ல மாமா. தப்பு" என்றாள் மூத்தவள்.

"என் கண்ணு தெரியல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "தண்ணி வாங்கிட்டு வா. அதையாவது சோதிக்காம குடு."

*

கேன்டீன் தரைத்தளத்தில். ஆறு மணிக் கூட்டம். தண்ணீர் பாட்டில் கேட்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். கண்ணாடி வைத்த குளிர்பெட்டியின் மேல்தட்டு முழுவதும் பச்சை லேபிள்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது. முடிந்ததோடு சரக்கும் வந்துவிட்டது.

அவளுக்கு முன்னால், காலில் கட்டுப் போட்ட ஒருவர் நோயாளி உடுப்பில் நின்று ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சர்க்கரை ஏறாதாமே?"

"ஏறாதுங்க. லேப்ல பார்த்திருக்காங்க" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

"அதை விக்காதீங்க" என்றாள் மூத்தவள்.

"நீங்க யாருங்க?"

"அதைச் சோதிச்சவ."

"அப்படியா!" கல்லாப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "ஒரு மணி நேரத்துல பத்துப் பாட்டில் போயிடுச்சு மேடம். எல்லாரும் கேட்டு வாங்குறாங்க."

மூத்தவள் கட்டுப் போட்டவரின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். பெட்டிக் கதவை மூடி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அவர் திட்டினார். பின்னால் நின்றவர்களும் திட்டினார்கள். சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து தொந்தியும் மூக்குக்கண்ணாடியுமாகக் குத்தகைக்காரர் வெளியே வந்தார். அவர் பின்னால் இளையவள், கையில் ஒப்பந்தக் காகிதம்.

"என்னம்மா கலாட்டா?"

"இந்தச் சாறுல சர்க்கரை ஏறும். சாதாரணப் பழச்சாறு எப்படியோ அப்படித்தான். ரிப்போர்ட்ல இருக்கிற எண் தப்பு. எழுதினது நான்தான்."

குத்தகைக்காரர் இளையவளைத் திரும்பிப் பார்த்தார். "யாரிவங்க?"

இளையவள் சிரிக்க முயன்றாள். "எங்க வீட்டு மூத்த மருமக சார். ரெண்டு பேருக்கும் ஒத்துவராது. நாலு வருஷச் சண்டை. அதை இங்கே வந்து..."

"மூணாவது மாடிக்கு வாங்க சார்" என்றாள் மூத்தவள். கூட்டம் முழுவதற்கும் கேட்டது. "எங்க மாமனார் படுத்திருக்கார். இந்த ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையை நிறுத்திட்டு ஒன்பது நாள் இதைக் குடிச்சவர். நானூத்தி முப்பத்தெட்டு. பொய்யான்னு இவளைக் கேளுங்க. மீட்டரை எடுத்துக் குடுத்ததே இவதான்."

குத்தகைக்காரர் கேட்டார். "உண்மையாம்மா?"

இளையவள் தலை குனிந்தாள்.

அவர் நிதானமாகக் கல்லாப் பெண்ணிடம் சொன்னார்: "எல்லாத்தையும் எடுத்து உள்ளே வை. வாங்கிட்டுப் போனவங்க யார் யாருன்னு வார்டு வார்டாப் போய்க் கேளு." பிறகு இளையவளின் கையிலிருந்த ஒப்பந்தத்தை வாங்கி, குறுக்கே கிழித்து, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாடிப்படி அருகே இளையவள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"குடு அந்தக் கடிதத்தை."

சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் குத்திக் கிழித்தது. அதை மூத்தவளின் நெஞ்சில் அறைந்தாற்போல் கொடுத்தாள்.

"சந்தோஷமா?"

"இல்ல."

"நாளைக்குப் போய் மேலாளர்கிட்ட நீட்டு. உன் வேலை நிலைக்கும். என் கொட்டகையைப் பூட்டிடுறேன்." அவள் இரண்டு படி ஏறி, திரும்பினாள். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இங்கே வந்தது ரெண்டு பெட்டி. காலையிலேயே வண்டியில அறுபது பெட்டி போயாச்சு. என் வீட்டுக்காரர்தான் ஓட்டிட்டுப் போனார். மூணு மணியிலேர்ந்து போன் பண்றேன், எடுக்கல."

மூன்று மணியிலிருந்து! அப்படியென்றால் ஆட்டோ கிளம்பியவுடனேயே இவள் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். அதை மூத்தவள் கவனித்தாள். சொல்லவில்லை. தன் போனை எடுத்துக் கொழுந்தனின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள். மூன்றாம் முறை யாரோ எடுத்தார்கள். ஒரு பெண் குரல், பின்னால் பாத்திரச் சத்தம்.

"வண்டிக்காரரா? போனைச் சீட்டுலேயே போட்டுட்டு அடுத்த தெருவுக்கு டயர் பார்க்கப் போயிருக்காருங்க. அடிச்சுக்கிட்டே இருக்குதேன்னு எடுத்தேன்."

"நீங்க யாரு? எங்கேர்ந்து பேசுறீங்க?"

"முதியோர் இல்லத்துச் சமையல்காரிங்க. இப்பத்தான் இருபது பெட்டி இறக்கினோம். சர்க்கரைக்காரங்க இங்கே நாப்பது பேர் இருக்காங்க, அவங்களுக்கு இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டோட ஆளுக்கு ரெண்டு கிளாஸ். பாவம், இனிப்பா எதையும் கண்ணுல காட்டுறதே இல்ல, ரொம்ப ஆசையா உட்கார்ந்திருக்காங்க."

"குடுக்காதீங்க! கேக்குதா? அதைக் குடுக்காதீங்க!"

"என்னங்க? இங்கே ஒரே சத்தம். அவர் வந்ததும் பேசச் சொல்றேன்."

தொடர்பு அறுந்தது. மறுபடி அழுத்தியபோது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

மூத்தவள் நிமிர்ந்தாள். "எந்த முதியோர் இல்லம்?"

இளையவள் படியிலேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் உதடு இறுகியே இருந்தது.

"எனக்கு இடம் தெரியும், நம்பர் தெரியாது" என்றாள்.

"சொல்லு."

"முதல்ல அந்தக் கடிதத்தைத் திருப்பிக் குடு."

மூத்தவள் புரியாமல் பார்த்தாள்.

"நீ மட்டும் தப்பிச்சுப் போகக்கூடாது. நான் கொட்டகையைப் பூட்டினா நீயும் வீட்டுல உட்காரணும். குடு, சொல்றேன்."

கையிலிருந்த காகிதத்தை மூத்தவள் ஒரு முறை பார்த்தாள். பதினாறு வருடத்தை நினைத்துப் பார்க்க ஒரு நொடி போதுமா என்று தெரியாது. அவள் எடுத்துக்கொண்டது ஒரு நொடிதான். நீட்டினாள்.

இளையவள் அதை எதிர்பார்க்கவில்லை. வாங்கியவள், கிழிக்கப் போனாள், கிழிக்காமல் கைப்பைக்குள் திணித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பது.

"ஏழரைக்குச் சாப்பாடு போடுவாங்க" என்றாள், படியிறங்கி அவளைத் தாண்டி நடந்துகொண்டே. "அடிச்சு ஓட்டினா நாப்பது நிமிஷம். என் ஸ்கூட்டர் வெளியே நிக்குது. பின்னாடி ஏறு. வழியில ஒரு வார்த்தை பேசாதே."